முகம் ஒரு பாதை, ஸ்லைடு ஒரு பாதை: மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் தெளிவாகப் போய்ச்சேர

வீடியோ மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது, உங்கள் முகம் போகிற அதே வீடியோவுக்குள் ஸ்லைடு ஒட்டப்படுவதில்லை. கேமரா படம் ஒரு ஸ்ட்ரீம், ஸ்லைடு இன்னொரு ஸ்ட்ரீம். இரண்டும் தனித்தனியாக என்கோடு ஆகி (அனுப்புவதற்காக அமுக்கப்பட்டு), தனித்தனியாகப் போய், எதிர்முனையில் தனித்தனியாகத் திறக்கின்றன. "முகம் தெரியுது, குரல் கேக்குது, ஸ்லைடு மட்டும் வரலை" என்ற புகார் அடிக்கடி வருவது இதனால்தான். முதல் பாதை நன்றாக இருப்பதை வைத்து இரண்டாவது பாதையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சிக்கல் வந்தால் நான்கு கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். மூலத்தில் படம் இருக்கிறதா? அனுப்புவதற்கான அனுமதி (டோக்கன்) கிடைத்ததா? ஸ்லைடுக்கான இரண்டாவது சேனல் திறந்ததா? அதற்கு நெட்டில் இடம் இருக்கிறதா? வரிசையை விட்டுவிட்டு ரவுட்டரை அணைத்துப் போடுவது, ஆப்பை நீக்கி மறுபடி நிறுவுவது எல்லாம் நேர விரயம்.

ஸ்லைடுக்கு வேண்டியது கூர்மை

முகம் கொஞ்சம் மங்கினாலும் பேச்சு புரியும், ஆனால் அசைவு விட்டுவிட்டு வந்தால் பார்க்க முடியாது. ஸ்லைடில் நேர்மாறு. அசைவு தேவையில்லை, எழுத்து மங்கினால் வேலைக்கு ஆகாது. அதனால் நெட் இறுகும்போது கேமரா ஸ்ட்ரீம் ரெசல்யூஷனைக் குறைத்து வேகத்தைக் காப்பாற்றுகிறது. ஸ்லைடு ஸ்ட்ரீம் வேகத்தைக் குறைத்து ரெசல்யூஷனைக் காப்பாற்றுகிறது. எக்ஸெல் தாளுக்கும் ஸ்லைடுக்கும் நொடிக்கு 5 ஃபிரேம் தாராளம். வீடியோ கிளிப்பை ஓட்டிக் காட்டுவதானால் மட்டும் 24 முதல் 30 வேண்டும்.

ஜூமிலும் டீம்ஸிலும் உள்ள "ஆப்டிமைஸ்" தேர்வு செய்வது இந்த மாற்றத்தைத்தான். அதை டிக் செய்தால் ஸ்லைடு ஸ்ட்ரீம் கேமரா போல நடந்துகொள்ளும்: அசைவு வழுக்கிக்கொண்டு போகும், எழுத்தின் ஓரம் கரையும். கிளிப் முடிந்ததும் டிக்கை எடுத்துவிட்டுத்தான் அடுத்த ஸ்லைடுக்குப் போக வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு மீதி மீட்டிங் முழுக்க மங்கலான எழுத்தை அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் திரையில் எல்லாம் தெளிவாக இருப்பதால் அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

புது ஸ்லைடு வந்தவுடன் எதிர்முனையில் கொஞ்சம் குழம்பலாகத் தோன்றி, ஓரிரு நொடியில் கூர்மையாவதைக் கவனித்திருப்பீர்கள். அது கோளாறு இல்லை. என்கோடர் முதலில் தோராயமான படத்தை அனுப்பிவிட்டு, பிறகு திருத்தத்தை அனுப்புகிறது. ஸ்லைடுக்கு ஸ்லைடு ஃபேட், மார்ஃப் என்று டிரான்சிஷன் வைத்திருந்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் திரை முழுவதும் பல தடவை மாறும், என்கோடர் திணறும், தெளிவு வரத் தாமதமாகும். ரிமோட் மீட்டிங்குக்கான கோப்பில் டிரான்சிஷனை முழுவதும் நீக்கிவிடுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இது.

நிறமும் முக்கியம். படத்தை அமுக்கி அனுப்பும் வீடியோ கோடெக்குகளில் பெரும்பாலானவை 4:2:0 முறையில் ஓடுகின்றன. வெளிச்ச அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் போகும். நிறமோ நான்கு பிக்சலுக்கு ஒன்று என்றுதான் போகும். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்து உங்கள் திரையில் பளிச்சென்று இருக்கும், எதிர்முனையில் ஊதாக் கறையாகிவிடும். வெள்ளையில் கறுப்பு, கருநீலத்தில் வெள்ளை என்று வெளிச்ச வேறுபாடு பெரிதாக உள்ள சேர்க்கை தப்பிக்கும்.

தமிழ் ஸ்லைடு என்றால் கூடுதலாக இரண்டு விஷயம்

ஒன்று, புள்ளி. ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்தில் நுண்ணிய பாகம் அதிகம். மெய்யின் புள்ளி, ண-வுக்கும் ன-வுக்கும் உள்ள சுழி வேறுபாடு, கி-கீ என்பவற்றின் வளைவு ஆகியவை எல்லாம் சிறிய எழுத்தில் இரண்டு மூன்று பிக்சல் அளவுதான். அமுக்கத்தில் முதலில் காணாமல் போவதும் இவைதான். பல் என்று எழுதியது பல என்று போய்ச்சேரும். ஸ்லைடில் தமிழ் எழுத்தை 24 பாயின்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். மெல்லிய எடை ஃபாண்டைத் தவிருங்கள். 4கே லேப்டாப்பில் ஆவணத்தையோ தாளையோ காட்டுவதானால் இன்னும் கவனம் தேவை. 3840×2160 திரையை வாங்குபவர் 1366×768 லேப்டாப்பில் பார்த்தால் எழுத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஷேர் செய்யும் முன் திரையை 1920×1080-க்கு மாற்றுங்கள், அல்லது டிஸ்ப்ளே ஸ்கேலை 150 சதவீதத்துக்கு மேல் ஏற்றுங்கள்.

இரண்டு, ஃபாண்ட். ஸ்லைடைக் காட்ட அடிப்படையில் இரண்டு முறைகள் உண்டு. திரையில் தெரிவதைப் படமாக அனுப்புவது ஒன்று; கோப்பையே ஏற்றி, ஒவ்வொருவர் கணினியிலும் அது தனியாக வரையப்படுவது மற்றொன்று. டீம்ஸில் உள்ள பவர்பாயின்ட் லைவ் இரண்டாவது வகை. அது நெட்டை மிகக் குறைவாகத் தின்னும், எழுத்து ஊசிமுனை போல இருக்கும். ஆனால் பாமினி, வானவில் போன்ற பழைய ஃபாண்டில் அடித்த கோப்பை அப்படி ஏற்றினால், எதிர்முனையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் வரும். அந்த ஃபாண்டுகள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. ஃபாண்ட் இல்லாத இடத்தில் அடியில் உள்ள ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். பழைய கோப்பாக இருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். நேரம் இல்லையென்றால் ஃபாண்ட் உள்ள கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள், அல்லது கோப்பை ஏற்றாமல் திரையாகவே ஷேர் செய்யுங்கள்.

எதை ஷேர் செய்வது: திரையா, விண்டோவா, டேபா

முழுத் திரையைக் கொடுத்தால் நோட்டிஃபிகேஷன், வாட்ஸ்அப், வங்கி ஓடிபி எல்லாம் எல்லோருக்கும் தெரியும். விண்டோ பாதுகாப்பானது, ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. பவர்பாயின்ட் எடிட் விண்டோவை ஷேர் செய்துவிட்டுப் பிறகு ஸ்லைடு ஷோ தொடங்கினால், ஷோ வேறு விண்டோவாகத் திறக்கலாம். அப்போது மற்றவர்கள் எடிட் விண்டோவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலில் ஸ்லைடு ஷோவைத் தொடங்கி, பிறகு ஷேர் பட்டியலில் அந்த விண்டோவைத் தேர்ந்தெடுங்கள். அல்லது பவர்பாயின்ட்டில் "செட் அப் ஸ்லைடு ஷோ" போய், விண்டோவுக்குள்ளேயே ஓடும் வகையை வைத்துக்கொள்ளுங்கள். சில ஆப்களில் மெனு, டயலாக் பெட்டி போன்றவையும் தனி விண்டோதான். சாஃப்ட்வேர் பயிற்சி நடத்துபவர்கள் அவை போய்ச்சேருகின்றனவா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஒலியோடு வீடியோ காட்ட பிரவுசரில் டேப் ஷேர்தான் எளிது. கூகுள் மீட்டில் டேபைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியிலேயே டேப் ஒலிக்கான தேர்வு இருக்கும். ஜூமில் "ஷேர் சவுண்டு", டீம்ஸில் "இன்க்ளூடு சவுண்டு". இதைப் போடாமல் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு மைக் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினால், எக்கோ நீக்கும் நிரல் அந்த ஒலியைத்தான் முதலில் வெட்டும்.

மேக்கில் ஷேர் செய்யும்போது வால்பேப்பர் மட்டும் போய், விண்டோ எதுவும் தெரியவில்லை என்றால் அனுமதி இல்லை என்று பொருள். சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கில் அந்த ஆப்பை இயக்கி, ஆப்பை முழுவதும் மூடித் திறக்க வேண்டும். வின்டோஸில் பிரவுசர் விண்டோ மட்டும் கறுப்பாகப் போனால் பிரவுசர் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்ஸலரேஷனை (படம் வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதியை) அணைத்துப் பாருங்கள். ஓடிடி தளங்களின் படம் கறுப்பாகப் போவது பதிப்புரிமைப் பாதுகாப்பு. அதற்கு மாற்று வழி தேடிப் பயனில்லை.

கான்ஃபரன்ஸ் அறை: கேபிள் முனையிலிருந்து தொடங்குங்கள்

அறையில் தனி வீடியோ கான்ஃபரன்ஸ் கருவி இருந்தால் லேப்டாப்பை எச்டிஎம்ஐ வழியாகச் செருகுவீர்கள். செருகியதும் லேப்டாப் எதிரே உள்ள கருவியிடம் "உனக்கு எந்த ரெசல்யூஷன் ஏற்கும்" என்று படிக்கிறது. அந்தத் தகவலுக்கு இடிஐடி என்று பெயர். நடுவில் ஸ்விட்சர், கன்வெர்ட்டர் என்று இருந்தால் இந்தத் தகவல் தவறாக வரலாம்; அப்போது லேப்டாப் 4கே, 60 ஹெர்ட்ஸ் படத்தை அனுப்பும், கருவி அதை ஏற்காமல் வெறும் திரை காட்டும். லேப்டாப்பில் வின்டோஸ் கீயையும் பி கீயையும் சேர்த்து அழுத்தி "எக்ஸ்டெண்டு" வைத்து, இரண்டாவது திரையை 1920×1080, 60 ஹெர்ட்ஸ் என்று கையால் அமையுங்கள். "டூப்ளிகேட்" வைத்தால் இரண்டு திரைக்கும் பொதுவான ரெசல்யூஷனுக்கு இறங்கிவிடக்கூடும். ஸ்லைடு ஓரத்தில் கறுப்புப் பட்டை வருவது பெரும்பாலும் இதனால்தான்.

டைப்-சி வாய் இருப்பதால் மட்டும் படம் வராது. அந்த வாய் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடை (டைப்-சி வழியாகப் படம் அனுப்பும் வசதியை) ஆதரிக்க வேண்டும், கேபிளும் சார்ஜ் மட்டும் செய்வதாக இருக்கக்கூடாது. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிள் ஒருவழி. திருப்பிச் செருகினால் வேலை செய்யாது. சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் படம் மினுங்கும், விட்டுவிட்டு வரும். அதற்கு மேல் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிளோ எச்டிபேஸ்டி ஜோடியோ (எச்டிஎம்ஐ படத்தை நெட்வொர்க் கேபிளில் கடத்தும் இரண்டு பெட்டிகள்) போடுங்கள். எச்டிபேஸ்டி கேட்6 கேபிளில் 100 மீட்டர் வரை போகும்.

இன்னொரு கண்ணி எச்டிசிபி, அதாவது நகலெடுக்க முடியாதபடி எச்டிஎம்ஐ படத்தைப் பூட்டும் முறை. கருவியின் இன்புட் எச்டிசிபியை ஏற்கும் என்று சொன்னால், மேக்புக் சாதாரண டெஸ்க்டாப்பையும் பூட்டியே அனுப்பும். பூட்டிய படத்தைக் கருவி அறைத் திரையில் காட்டினாலும் நெட்டில் அனுப்பாது. அறையில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரிகிறது, வெளியூரில் கறுப்பு என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். கருவியின் இன்புட் அமைப்பில் எச்டிசிபியை அணைத்தால் தீரும்.

அறைத் திரையில் படம் வந்துவிட்டால் ஷேர் ஆகிவிட்டது என்று எண்ண வேண்டாம். சில கருவிகள் செருகியவுடன் அனுப்பும். சில முதலில் அறைக்குள் மட்டும் காட்டி, டச் பேனலில் தனியாக ஒரு பொத்தானை அழுத்தினால்தான் வெளியே அனுப்பும்.

கேபிள் இல்லாமல் ஏர்பிளே, மிராகாஸ்ட் வழியாகச் செய்தால், லேப்டாப்பும் கருவியும் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. விருந்தினர் வைஃபையில் கிளையன்ட் ஐசலேஷன் (கருவிகள் ஒன்றையொன்று பார்க்க விடாத தடுப்பு) இருந்தால், அல்லது இரண்டும் வேறு விலேனில் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதியில்) இருந்தால், கருவியின் பெயரே பட்டியலில் வராது. ஏர்பிளேயின் தேடல் யுடிபி போர்ட் 5353-ல் போகிறது. அது சாதாரணமாக விலேன் தாண்டாது.

உள்ளே நடப்பது: டோக்கனும் இரண்டாவது சேனலும்

ஒருகாலத்தில் அறைக் கருவிகளில் ஸ்லைடை இரண்டாவது ஸ்ட்ரீமாக அனுப்பும் வழி கம்பெனிக்குக் கம்பெனி வேறாக இருந்தது. பாலிகாம் "பீப்பிள் பிளஸ் கன்டென்ட்" என்றது, டான்பெர்க் "டுவோ வீடியோ" என்றது. ஒன்று மற்றொன்றோடு பேசாது. 2003-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐடியு) வெளியிட்ட எச்.239 என்ற தரம், எச்.323 என்ற பழைய வகை அழைப்புகளுக்குப் பொது வழியைத் தந்தது. எஸ்ஐபி என்ற இன்னொரு வகை அழைப்புகளுக்கு 2006-ல் ஆர்எஃப்சி 4582 என்ற இணையத் தர ஆவணமாக, யார் ஷேர் செய்வது என்று தீர்மானிக்கும் பிஎஃப்சிபி வந்தது. அது டிசிபிக்கு (பேக்கெட் தொலைந்தால் மறுபடி அனுப்பும் வகை) எழுதப்பட்டது. யுடிபியையும் (தொலைந்ததற்காகக் காத்திராத வகை) சேர்த்த ஆர்எஃப்சி 8855 2021-ல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்துக் கருவிகளில் ஒன்று டிசிபியும் மற்றொன்று யுடிபியும் பேசி, ஷேர் மட்டும் தோற்பது இன்றும் பழைய அறைகளில் உண்டு.

இரண்டிலும் கருத்து ஒன்றே. கூட்டத்தில் ஒரே மைக்கைக் கைமாற்றிப் பேசுவது போல, ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஷேர் செய்யலாம். பொத்தானை அழுத்தியதும் கருவி முதலில் அந்த அனுமதியை, அதாவது டோக்கனைக் கேட்கிறது. இரு முனை அழைப்பில் எதிர்முனையும், பலர் கூடும் அழைப்பில் எல்லோரையும் இணைக்கும் நடுக் கருவியான எம்சியுவும் பதில் சொல்லும். எச்.239-ல் இரண்டு பேரும் ஒரே கணத்தில் கேட்டுவிட்டால், கோரிக்கையோடு போகும் 1 முதல் 127 வரையிலான எண்ணை ஒப்பிட்டு யாருக்கு என்று முடிவாகும். டோக்கன் கையில் வந்த பிறகே படம் கிளம்பும்.

எஸ்ஐபி அழைப்பின் எஸ்டிபி வரிகளை (என்னென்ன ஸ்ட்ரீம் போகும் என்று இரு கருவிகளும் எழுதிக்கொள்ளும் விவரத்தை) பார்க்கத் தெரிந்தவர்கள் நான்கு இடங்களைப் பாருங்கள். கேமராவுக்கான வீடியோ வரி தவிர, உள்ளடக்கம் ஸ்லைடு என்று குறித்த இரண்டாவது வீடியோ வரி இருக்க வேண்டும். பிஎஃப்சிபிக்கான அப்ளிகேஷன் வரி இருக்க வேண்டும். ஃபுளோர் (ஷேர் செய்யும் உரிமை) வரியில் குறித்த எண்ணும் இரண்டாவது வீடியோவின் லேபிள் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்; மாறியிருந்தால் அனுமதி கிடைத்தும் எந்தப் படத்துக்கு என்று கருவிக்குத் தெரியாது. நான்காவது, ஃபுளோர் கட்டுப்பாட்டில் ஒரு பக்கமாவது சர்வராக இருக்க வேண்டும். இரண்டும் கிளையன்ட் என்றால் அனுமதி தர ஆளில்லை. பதிலில் அந்த வரிகளின் போர்ட் 0 என்று வந்தால், எதிர்முனையோ, நெட்வொர்க் எல்லையில் அழைப்புகளைக் கடத்தும் எஸ்பிசியோ மறுத்துவிட்டது என்று பொருள்.

இரண்டாவது சேனல் மறுக்கப்பட்டால் பல கருவிகள் சும்மா இருக்காது. கேமரா படத்தை நிறுத்திவிட்டு அதே சேனலில் ஸ்லைடை அனுப்பும். ஷேர் தொடங்கியதும் பேசுபவரின் முகம் மறைகிறதா? அப்படியானால் கேமராவைத் தொடாதீர்கள். சிக்கல் கருவிகளுக்கு இடையே நடக்கும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி (அழைப்பு வரிகளை வழியில் திருத்தும் வசதி) ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைப்பதுதான் முதல் வேலை.

எச்.323-ல் ஃபயர்வால் தரும் தொல்லை வேறு வகை. அழைப்பு டிசிபி 1720-ல் தொடங்கிப் பல நிமிடம் நன்றாக ஓடும். ஷேர் அழுத்தும்போதுதான் ஸ்லைடுக்கென்று புதிய யுடிபி போர்ட்டுகளில் சேனல் திறக்கும். கேமராவுக்கும் குரலுக்கும் மட்டும் கணக்குப் பார்த்துக் குறுகிய போர்ட் எல்லை திறந்திருந்தால், அந்தக் கணத்தில் அடைத்துவிடும். கருவியில் அமைத்த போர்ட் எல்லையையும் ஃபயர்வாலில் திறந்த எல்லையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

கிளவுட் சேவைகளில் டோக்கன் வேலையை சர்வர் பார்த்துக்கொள்ளும், போர்ட்டுகள் மட்டும் உங்கள் பொறுப்பு. டீம்ஸ் யுடிபி 3478 முதல் 3481 வரையும், ஜூம் யுடிபி 8801 முதல் 8810 வரையும், கூகுள் மீட் யுடிபி 3478-ம் 19305 முதல் 19309 வரையும் கேட்கின்றன. இவை அடைபட்டால் டிசிபி 443-க்கு இறங்கும்: ஸ்லைடு வரும், ஆனால் பேக்கெட் விடுபடும்போதெல்லாம் காத்திருந்து காத்திருந்து பேச்சுக்குப் பின்தங்கும். டீம்ஸில் இரண்டு பாதை என்பது அப்பட்டமாகவே தெரியும். கிளையன்ட் பக்கத்தில் குரலுக்கு 50000–50019, வீடியோவுக்கு 50020–50039, ஷேருக்கு 50040–50059 என்று தனித்தனி போர்ட் எல்லையை மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கிறது. எந்தப் பேக்கெட்டுக்கு முன்னுரிமை என்று குறிக்கும் டிஎஸ்சிபி முத்திரையும் முறையே 46, 34, 18. அலுவலக நெட்டில் முன்னுரிமை அமைப்பவர்கள் முதல் இரண்டை மட்டும் போட்டுவிட்டு மூன்றாவதை விட்டுவிட்டால், கூட்டம் நிறைந்த நேரத்தில் ஸ்லைடு மட்டும் நிற்கும்.

எவ்வளவு நெட் வேண்டும்

அசையாத ஸ்லைடுக்கு ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. கேமரா படம் இல்லாத வெறும் ஷேருக்கு 50 முதல் 75 கேபிபிஎஸ் (நொடிக்கு கிலோபிட்), சிறிய முகப்படத்தோடு 50 முதல் 150 கேபிபிஎஸ் என்று ஜூம் சொல்கிறது. ஆனால் ஸ்லைடு மாறும் கணத்தில் தேவை எகிறும். மொபைல் டேட்டாவில் அப்லோடு அந்த எழுச்சியைத் தாங்காமல் குரல் வெட்டும். அப்போது கேமராவை அணையுங்கள். ஷேரை நிறுத்துவதைவிட அதுதான் பயன் தரும்.

அறைக் கருவிகளில் கணக்கு வேறு. 1024 கேபிபிஎஸ்ஸில் அழைத்திருந்தால், ஷேர் தொடங்கியதும் அந்த அளவுக்குள்தான் கேமராவும் ஸ்லைடும் பங்கு போட்டுக்கொள்ளும்; பாதிப்பாதி என்பது பல கருவிகளில் வரும் அமைப்பு. முகம் சட்டென்று மங்குவது இதனால். பாடமோ தரவோ காட்டும் மீட்டிங்குக்குப் பங்கை ஸ்லைடின் பக்கம் சாயுங்கள், அல்லது அழைப்பையே 2 எம்பிபிஎஸ்ஸுக்கு உயர்த்துங்கள்.

தாமதமாக வந்தவருக்கு மட்டும் கறுப்புத் திரை

அசையாத ஸ்லைடில் என்கோடர் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். நடுவில் சேர்பவருக்கு முழுப் படமான கீஃபிரேம் வேண்டும். அவருடைய கருவி கேட்கும், அனுப்புபவரின் என்கோடர் தரும். கோரிக்கை வழியில் தொலைந்தாலோ நடுவில் உள்ள கேட்வே அதைக் கடத்தாவிட்டாலோ அவர் கறுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு ஸ்லைடு முன்னே போய்ப் பின்னே வாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ஷேரை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். புதிய ஷேர் கீஃபிரேமில்தான் தொடங்கும்.

நிறுத்துவதையும் முறையாகச் செய்யுங்கள். ஷேர் ஓடிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பை மூடி எழுந்து போனால், சில அமைப்புகளில் டோக்கன் விடுபடாமல் அவர் பெயரிலேயே நிற்கும். அடுத்தவர் அழுத்தும்போது "வேறொருவர் பகிர்கிறார்" என்று மறுக்கும். ஹோஸ்ட் அல்லது எம்சியு நிர்வாகி டோக்கனைப் பறிக்கலாம். அந்த வசதி கையில் இல்லையென்றால் பழைய பங்கேற்பாளரின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள், டோக்கன் தானாக வெளியே வரும்.